கூட்டமாக வந்த பறவைகள்

தீவு கண்ணில் படும் முன்பே பறவைகள் கப்பலை மொய்த்துக்கொண்டன. இறைச்சி, மீன், பால் எதையும் தொடாத வீகன் சங்கத்தார் கேமராவும் கையுமாக மேல்தளத்தில் குதித்தார்கள்.

"நம்மால ஆபத்தில்லேன்னு அதுங்களுக்குத் தெரியுது பாருங்க!" உச்சி குளிர்ந்து போனாள் தலைவி. சீசன் முழுக்கக் கப்பலையே வாடகைக்குப் பிடித்து, மீன் வாடையே கூடாதென்று கறாராகச் சொன்னவள் அவள்தான்.

அவள் காலடியில் ஒரு பறவை சுருண்டு விழுந்தது. அள்ளினால் பஞ்சாய் எடையற்றிருந்தது. சமையலறைக்கு ஓடினாள்.

"அண்ணே, இதுக்குத் தின்ன ஏதாவது கொடுங்க!"

சமையல்காரர் கையை விரித்தார். "முட்டைக்கோஸ்தான் இருக்கும்மா. இந்தக் கடல்ல மீன் அத்துப்போய் வருஷக்கணக்காச்சு. நாங்க வெளியூர்லேருந்து வாங்கிவந்து சமைச்சுட்டுக் கொட்டுற மீன் தலை, குடலை நம்பித்தான் இதுங்க கப்பலைத் துரத்துதுங்க. நீங்க ஏறினதிலேருந்து எதைக் கொட்ட?"

அவள் கையிலிருந்தது அசையவில்லை.

மேலே கைதட்டல் கேட்டது. "அக்கா, சீக்கிரம் வாங்க! இன்னும் கூட்டமா வருது!"