பாடத்தில் இல்லாத வாக்கியம்

காஸல் நகரத்தில் அகதிகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் வீகாண்டுக்கு, அகதிகளைத் தவிர மற்ற எல்லாரையும் பிடிக்கும். அன்று ஆபத்துக் கால வாக்கியங்கள் பாடம்.

"செம்ஹார், கட்டடத்துல தீப்பிடிச்சா என்ன கேப்ப?"

எரித்ரியாக்காரி எழுந்தாள். "அவசர வழியை ஒரு சைக்கிள் அடைச்சிருக்கு, சார்."

"புத்தகத்துல இருக்கிறதைச் சொல்லு. 'அவசர வழி எங்கே இருக்கு?' இது ஜெர்மனிம்மா. இங்க யாரும் வழியில சாமானைப் போட்டு வைக்க மாட்டாங்க. அதெல்லாம் உங்க ஊர்ப் பழக்கம்."

"சைக்கிள் நிக்குதே, சார்."

"மூணு மாசமா உனக்கு இந்த ஒரு வாக்கியம்தானா? உட்காரு."

அப்போது கதவு திறந்தது. தீயணைப்புத் துறையிலிருந்து சோதனைக்கு வந்த பெண் அதிகாரி உள்ளே நுழைந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"பின்கதவுகிட்டயே போக முடியல. குறுக்கே ஒரு சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கு. யாரோடது?"

வீகாண்ட் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினார்.

"சாரோடது," என்றாள் செம்ஹார்.

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "வாசல்ல சைக்கிள் நிறுத்த அவ்வளவு இடம் கிடக்கே. அங்க விட்டா என்ன?"

வீகாண்ட் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"சார் ஆபீஸ்ல சொன்னதைக் கேட்டேன்," என்றாள் செம்ஹார் நிதானமாக. "வெளிய விட்டா நாங்க திருடிடுவோமாம்."

மூன்று மாதத்தில் முதல் தடவையாக, அவள் பேசிய ஜெர்மனில் வீகாண்டால் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.