டோக்கன் வாங்காதவள்

டோக்கனை அவள் வாங்கவில்லை.

போனை மட்டும் கவுன்டரில் வைத்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குள் நடந்தாள்.

"தாயி, டோக்கன்!"

கூப்பிட்டது ஆவுடைச்செல்வி. கோவில் வாசலில் செல்போன்களை வாங்கி வைக்கிறவள். டோக்கன் இல்லாமல் போனைத் திருப்பித் தர மாட்டார்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். போய்விட்டாள்.

அப்போதுதான் ஆவுடைச்செல்விக்கு உறைத்தது. இனி வர மாட்டாள். இன்றைக்குத்தான் அந்த நாள்.

போன மாதம் ஒருநாள் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அதைக்கூடப் போனை அலமாரியில் வைத்த பிறகு, ஆவுடைச்செல்வியைத் தூண் மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போய், காதோடு சொன்னாள்.

"நான் எங்க போறேன், யார்ட்ட என்ன பேசுறேன், எல்லாம் எங்க வீட்டுக்காரர் போன்ல தெரியுதுக்கா. என் போன்ல என்னமோ ஒண்ண ஏத்தி வச்சிருக்கார்."

"அதை அழிச்சுத் தொலைக்க வேண்டியதுதான?"

"அழிச்சா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிரும்லா."

என்ன மூளை! ஆவுடைச்செல்வி அசந்துபோனாள். வேறு யாராக இருந்தாலும் அழுது ஊரைக் கூட்டியிருப்பார்கள். இவள் தெரியாததுபோலவே இருந்துகொண்டு வழி தேடியிருக்கிறாள்.

புருஷன் கூப்பிட்ட உடனே எடுக்காவிட்டால் வீட்டில் அடி விழும். எடுக்காமல் இருக்க அவளுக்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. கோவிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. இது சாமி வீட்டுச் சட்டம். அவனால்கூட வாய் திறக்க முடியாது.

ஆகவே அவளுக்குத் திடீரென்று பக்தி வந்தது.

செவ்வாய் வந்தாள். வெள்ளி வந்தாள். பிரதோஷத்தை விடவில்லை. மாமியாருக்கு ஒரே பெருமை.

போன் அலமாரியில் சமர்த்தாக உட்கார்ந்து, அவள் கோவிலில் இருப்பதாகப் புருஷனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒட்டுக்கேட்டவன் காதில் நாதஸ்வரமும் மணிச் சத்தமும் விழுந்தன. நன்றாகக் கேட்கட்டும்.

அவளோ வடக்கு வாசல் வழியாக வெளியேறிப்போய் வக்கீலைப் பார்த்தாள். கோயம்புத்தூரில் ஒரு வேலைக்குச் சொல்லிவைத்தாள். தங்க இடம் பிடித்தாள். ஒவ்வொரு தடவையும் நெற்றி நிறையத் திருநீறோடு திரும்பி வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

இன்றைக்குப் பிள்ளையோடு போகிறாள். வடக்கு வாசலுக்கு எதிரேதான் பஸ் ஸ்டாண்ட். கோயம்புத்தூர் பஸ் இன்னும் கிளம்பியிருக்காது.

அலமாரியில் அவள் போன் அடித்தது.

நின்றது. மறுபடி அடித்தது.

கொஞ்ச நேரத்தில், கூப்பிட்டவனே கவுன்டருக்கு வந்து நின்றான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பிள்ளை ஏன் ஸ்கூலுக்கு வரவில்லை என்று டீச்சர் கேட்டாராம். தன் போனை நீட்டிக் காட்டினான். மேப்பில், கோவிலின் மேல் ஒரு புள்ளி.

"என் பொண்டாட்டி போன் இங்கதான் காட்டுது. உள்ளதான இருக்கா?"

இவன் அடிக்கிற கை எது, வலதா இடதா என்று ஆவுடைச்செல்வி பார்த்தாள்.

"போன் இங்க இருக்குன்னா ஆளும் இங்கதான இருக்கணும், அண்ணாச்சி."

அவன் உள்ளே பாயப்போனான்.

"உங்க போனையும் குடுத்துட்டுப் போங்க. செக் பண்ணுவாங்க."

தயங்கினான். வாசலில் காவலர் ஒருவர் ஒவ்வொருவர் பையையும் தடவிக்கொண்டிருந்தார். போனைப் பார்த்தான். புள்ளி அசையாமல் இருந்தது. அதை நம்பினான்.

கொடுத்தான்.

ஆவுடைச்செல்வி அதை அவள் போனுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். டோக்கனை அவன் கையில் திணித்தாள்.

"எந்த வரிசையில நிப்பா?"

கட்டண வரிசை காலியாகக் கிடந்தது. அதில் போனால் ஐந்து நிமிடத்தில் கோவிலையே சுற்றிவிடலாம். ஆவுடைச்செல்வி இலவச தரிசன வரிசையைக் காட்டினாள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, வளைந்து வளைந்து போகிற வழி. நுழைந்தவர்கள் சாமியைப் பார்க்காமல் வெளியே வர முடியாது.

"அதுலதான் நிப்பாவ. சின்னப் பிள்ளையும் கையுமா எங்க போயிருவாவ?"

அவன் நுழைந்தான். பின்னாலேயே ஒரு வேன் நிறைய வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக நுழைந்தார்கள். வழி அடைபட்டது. அவன் போன் இல்லாத சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். எட்டிப் பார்த்தான். மறுபடி பையைத் தொட்டான்.

கூட்டத்தைக் கண்டாலே எரிந்து விழுகிறவள் ஆவுடைச்செல்வி. கோபுரத்தைப் பார்த்துக் கை கூப்பினாள்.

சாமி, இன்னும் நாலு வேன் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கு.