சிரட்டைப் பொத்தான் வைத்த பை

என் கடைக்குட்டியைக் கட்டிக்கொடுத்த வருஷம், ஜெபக்கூட்டம் முடிந்து நடந்துவரும்போது எஸ்தர் மதினி எனக்குச் சொன்ன கதை இது.

ஒரு கடையில் கோரைப்பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை முடைந்த கனகமணிக்கு இடது கை மட்டும்தான். "ஒத்தைக் கையால ஜிப்பை இழுத்தா பையும் கூடவே வருதும்மா" என்று பை முடைகிற பெண்கள் சங்கத்தில் சொல்லி, கட்டைவிரலால் தள்ளினால் திறக்கிற தேங்காய்ச் சிரட்டைப் பொத்தானை அவளே யோசித்து வைத்தாள்.

கடைக்கு வந்தவர்களோ, பையில் கட்டியிருந்த அட்டையில் அவள் படத்தைப் பார்த்து, "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். ஒருவரும் பொத்தானைத் தொடவில்லை.

"உனக்குப் பாவம்னுதான் பேரு வச்சிருக்காங்க போல" என்று பக்கத்திலிருந்த ஜிப் பை சிரித்தது.

"அவ கெட்டிக்காரின்னு ஒரே ஒருத்தர் சொல்லிட்டாப் போதும்" என்றது கோரைப்பை. நாளெல்லாம் அதற்கு அந்த ஏக்கம்தான்.

ஒருநாள் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வந்தாள். பிள்ளை அட்டையைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது. அவளுடைய மற்றக் கையின் கட்டைவிரல் பட்டதும் பை திறந்தது. பால்புட்டியை உள்ளே போட்டு மூடிப் பார்த்தாள்.

"அடியாத்தி! பிள்ளையை இறக்காமலே திறக்க வருதே! இதைச் செஞ்சவ பெரிய கெட்டிக்காரிதான்."



கோரைப்பை வாங்கியவள் தோளில் ஏறிச் சந்தோஷமாகத்தான் போனது. தெருவுக்கு வந்ததும் அதற்கு மனசு கனத்துவிட்டது. அந்த வார்த்தையைக் கேட்க வேண்டியவள் எங்கேயோ அல்லவா உட்கார்ந்து முடைந்துகொண்டிருக்கிறாள்?

கதை கேட்ட நீங்கள் கோரை முடைகிற ஊர்ப்பக்கம் போனால், கனகமணியிடம் இதைச் சொல்லிவிடுங்கள், தாயே.