கர்னல் டாலிவர் புட்டி

1844 தேர்தலுக்காகப் பிட்ஸ்பர்க் ஆற்றங்கரைக் கண்ணாடி ஆலையில் ஜேபஸ் விஸ்கிப் புட்டி ஊதிக்கொண்டிருந்தான். உருகிய கண்ணாடியை அச்சுக்குள் வைத்து ஊதினால் வேட்பாளர் கர்னல் டாலிவரின் முகம் புட்டியில் புடைத்து வரும். ஆலை முதலாளியும் அவர்தான். உலைக் கூரையைச் செப்பனிடச் சொல்லித் தொழிலாளிகள் கெஞ்சியும் அவர் காதில் ஏறவில்லை. போன மாதம் அது இடிந்து ஜேபஸின் தம்பி ஈனஸ் செத்தான்.

அன்று காலை அச்சைத் திறந்தால் ஈனஸின் முகம். கோணல் மூக்குகூட அப்படியே.

"மேஸ்திரி, இதக் கொஞ்சம் பாருங்களேன்."

"கோணலா வந்திருக்கு, வேறென்ன? ஒடச்சுப் பானையில போடு. தம்பியோட சேத்துக் கண்ணையும் பொதைச்சிட்டியாடா?"

பழுதானதை உடைத்து மறுபடி உருக்குவது வழக்கம். ஜேபஸ் மனசில்லாமல் உடைத்துப் போட்டான். அதன்பிறகு அந்த உருக்குப் பானையிலிருந்து எடுத்து ஊதிய புட்டியிலெல்லாம் தம்பிதான் வந்தான். வெளியே வண்டிக்காரன் அவசரப்படுத்தியதால் யாரும் பார்க்காமல் ஏற்றினார்கள்.

கர்னலின் தேர்தல் கூட்டத்தில் அவற்றில் விஸ்கி நிரப்பிக் கொடுத்தார்கள். ஒருத்தனாவது "இது நம்ம ஈனஸாச்சே" என்பான் என்று ஜேபஸ் காத்திருந்தான். கூட வேலை செய்தவர்களே வாயைத் துடைத்துக்கொண்டு "கர்னல் வாழ்க!" என்றார்கள்.

கர்னல் ஒரு புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அடடா, அச்சு அசல் நானேதான்! ஊதினது யாருப்பா?"

ஜேபஸுக்குத் தம்பியின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. கை தானாகத் தொப்பியைக் கழற்றியது.

"நான்தாங்க ஐயா."

கர்னலின் கையிலிருந்த புட்டியில் ஈனஸ் மெல்லக் கண்ணை மூடிக்கொண்டான்.