அப்படியே நிஜம் மாதிரி

"அந்த ஜன்னலை மூடு. வெயில் ஸ்கிரீன்ல அடிக்குது."

மனைவி மூடினாள். கடைத்தெருவுக்குப் போகவே நாலு பேரிடம் வழி கேட்கும் கணவர், லேப்டாப்பில் வான்வழி வரைந்து, காற்றையும் எரிபொருளையும் கணக்குப் போட்டு, விளையாட்டு விமானத்தைக் கிளப்பினார்.

"மேகத்தைப் பாரேன், அப்படியே நிஜம் மாதிரி!"

"உங்ககூட வந்ததுக்கு இதையாவது காட்டினீங்களே."

"பேச்சுக் குடுக்காதே. வழி தப்பினா முந்நூறு பயணிக்கு நான்தான் பதில் சொல்லணும்."

"பொண்டாட்டிக்கு மட்டும் சொல்ல வேண்டாம்."

விமானப் பணிப்பெண் குனிந்தாள். "சார், லேப்டாப்பை மூடிட்டு, ஜன்னலைத் திறந்துடுங்க. தரையிறங்கப் போறோம்."

"அதுக்குள்ளயா? நான் இன்னும் பாதி வழிகூட வரலையே!"

வாழ்க்கையில் முதல்முறையாக விமானம் ஏறியிருந்த மனைவி, ஆவலாக ஜன்னலைத் திறந்தாள். மேகமெல்லாம் தலைக்கு மேலே போயிருந்தது.

"கேப்டன், மூடுறதுக்கு முன்னாடி அந்த மேகத்தை இன்னொரு தடவை காட்டுங்க."