அமுக்கிப் பிடிக்க ஒரு பந்து

அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை. கரு கலைந்து வருகிறவர்களுக்குச் சுத்தம் செய்யும்போது, வலி மாத்திரையோடு கர்ப்பப்பை வாயில் மரத்துப்போகிற ஊசியும் போடலாம் என்று டாக்டரம்மா ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். நர்ஸாக நான் நச்சரித்த நச்சரிப்பு அப்படி!

முதலில் வந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். போன தடவை வேறெங்கோ வெறும் மாத்திரையோடு செய்திருக்கிறார்கள்.

"பல்லைக் கடிச்சுக்கோம்மான்னாங்க. உயிரே போயிடுச்சு சிஸ்டர்."

"இந்தத் தடவை பாருங்க," என்று சொல்லி, வழக்கம்போல, இதுவரை வந்தவர்களெல்லாம் அமுக்கிப் பிடித்த ஸ்பாஞ்சுப் பந்தையும் கையில் கொடுத்தேன். வலித்தால் அமுக்கிக்கொள்ளத்தான்.

ஊசி வேலை செய்தது! டாக்டரம்மா குழாயை வைத்து உறிஞ்சும்போதே, படியில் தொங்குகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார் கண்டக்டர். நடுவிலேயே பந்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எதுக்கு சிஸ்டர்? லேசா இழுக்குது, அவ்வளவுதான்."

பந்தைத் தட்டில் வைத்தேன். முடிந்ததும் அவர் அழுதார். இழந்ததற்காக அழுதார், வலிக்காக இல்லை. அவரைப் பக்கத்து அறையில் படுக்கவைத்துவிட்டுத் துள்ளாத குறையாகத் திரும்பி வந்தேன்.

தட்டில் பந்து பாதியாகச் சுருங்கியிருந்தது. ஐந்து விரல்கள் பதிந்த பள்ளம். நான் பார்க்கப் பார்க்க அது இன்னும் ஆழமாக அமுங்கியது, கொஞ்சம் தளர்ந்தது, மறுபடி அமுங்கியது.

டாக்டரம்மா திரும்பிப் பார்க்காமல் கை கழுவிக்கொண்டே, "பிரமாதம்! அடுத்தவங்களைக் கூப்பிடு!" என்றார்.

பந்தின்மேல் என் கையை வைத்தேன்.

"கொஞ்சம் இருங்கம்மா. இங்க ஒருத்தருக்கு இன்னும் வலிக்குது."