வலப்பக்கத்தில் பெயர் இருக்காது

இன்ஸ்பெக்டர் முதல் தாளை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

அவர்களுடைய வாட்ஸப் குழுதான். யாரோ போன் திரையில் எடுத்த படத்தை அச்செடுத்து வைத்திருந்தார்கள்.

அவளையும் சேர்த்துப் பதினான்கு பெண்கள் குர்ஆன் ஓதிப் பழகும் குழு. மதியம் லுஹர் தொழுதுவிட்டு ஆளுக்கு அரைப் பக்கம் ஓதி அனுப்புவார்கள். அவள் பிழை திருத்துவாள். அதற்கு மேல் அதில் ஒரு ரகசியமும் கிடையாது.

ஒரு வரிக்குக் கீழே மட்டும் சிவப்புக் கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார்கள்.

‘நாளைக்கு எல்லாரும் ஒரு நோன்பு வைங்க. ருமைஸா மாப்பிள்ளை நல்லபடியா வீடு வந்து சேரணும்.’

அவள் எழுதியதுதான்.

"ஒரே நாள்ல பதிமூணு வீட்ல நோன்பு. இத யாரும்மா ஒருங்கிணைக்கிறது?"

பதிமூன்று. சரியாகச் சொன்னார். பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியாத ருமைஸாவுக்கு மட்டும் அன்று நோன்பு இல்லை.

இவருக்கு அது எப்படித் தெரியும்?

ருமைஸாவின் கணவனை விசாரணைக்கு என்று கூட்டிப்போன மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது. அன்றிலிருந்து மதியச் சோறு இவள் வீட்டிலிருந்துதான் போகிறது. பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, பத்தியம் பார்த்து.

கூட்டிப்போன ஏழாம் நாள் அவனை விட்டுவிட்டார்கள். எப்படி விட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நோன்பின் பலன் என்று நம்பினார்கள். இவளும் நம்பினாள், பைத்தியக்காரி.

அவள் மறுபடி தாளைப் பார்த்தாள்.

படம் எடுத்தவளின் பேச்சு வலப்பக்கம் வரும். அதற்குப் பெயர் இருக்காது. மற்றவர்கள் இடப்பக்கம், அவளுடைய போனில் என்ன பெயரோ அந்தப் பெயரில்.

சிவப்புக் கோட்டுக்கு மேலே இவள் பெயர் இருந்தது. ‘சோத்து ராத்தா.’

சோறு தரும் அக்கா என்று ஊரில் ஒருத்திதான் இவளை அப்படிக் கூப்பிடுவாள்.

கோட்டுக்குக் கீழே, வலப்பக்கம், பெயரில்லாமல்:

‘இந்த நன்றிய மவுத்தாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் ராத்தா.’

அழுகை வரவில்லை. தாளைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

பதிமூன்று வீட்டு விலாசமும், யார் கணவன் எந்த நாட்டில் என்பதும் கம்ப்யூட்டரில் முன்பே ஏறியிருந்தன. அவளுக்கு மிச்சம் வைத்திருந்தது ஒரு கையெழுத்து. இனி மாதம் ஒருமுறை வந்து போட வேண்டும்.

போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுதினாள். ‘இனி பாடம் இல்லை.’

பிறகு உலை வைத்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பச்சை உடம்புக்காரி பட்டினி கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். கேரியரை ருமைஸா வீட்டு வாசற்படியில் வைத்தாள். கதவைத் தட்டினாள். திறக்கும் வரை நிற்கவில்லை.

தெருமுனை திரும்பும்போது போன் அதிர்ந்தது.

‘ஏன் ராத்தா பாடம் இல்ல? என்னாச்சு?’

இவள் போனில் அது இடப்பக்கம் வந்திருந்தது.

மேலே பெயர் இருந்தது. ருமைஸாவுக்கு அவளே ஆசையாகப் போட்டுவைத்த பெயர்.

‘என் தங்கச்சி.’